திணைப் பகுப்பும் தட்பவெப்ப மண்டலமும்: ஆத்தூர்ச் சமவெளியிலும் சேர்வராயன் மலையிலும் அயற்பயிர்த் தேர்வின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இடத்தின் தட்பவெப்பத்திற்கேற்ற செடியைத் தெரிவு செய்ய உலகின் பல பகுதிகளில் இன்று குளிர் தாங்கு மண்டல வரைபடங்கள் பயன்படுகின்றன. அவ்வரைபடங்கள் குளிர்காலத்தின் கடுமையை அளவுகோலாகக் கொண்டவை. சேலம் மாவட்டத்தின் ஆத்தூர்ச் சமவெளியையும் அதனை அடுத்துள்ள சேர்வராயன் மலையையும் களமாகக் கொண்டு, கடந்த இருநூறு ஆண்டுகளில் அங்கு நுழைந்த காப்பி, பேரி, பருத்தி, மரவள்ளி, சீமைக்கருவேல் ஆகியவற்றின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வட்டாரத்தில் செடியின் நிலைபேற்றை நிலத்தின் உயரமும், நீர் கிடைக்கும் பருவமுமே முடிவு செய்தன என்பதும், நிலத்தையும் பொழுதையும் இணைத்துக் காணும் பழந்தமிழ்ப் பார்வை இதனை விளக்கத் துணைநிற்கிறது என்பதும் இதில் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆத்தூர், சேர்வராயன் மலை, தட்பவெப்ப மண்டலம், முதற்பொருள், அயற்பயிர், மரவள்ளி, கம்போடியாப் பருத்தி.

1. முன்னுரை

செடி ஒன்றைப் புதிய நிலத்தில் நடுவோர் முதலில் எழுப்பும் வினா, அது அங்குப் பிழைக்குமா என்பதாகும். மேலை நாடுகளில் இவ்வினா பெரும்பாலும் குளிரைப் பற்றியது. உறைபனியில் வேரும் மொட்டும் மடியாமல் அடுத்த வேனிலைக் காணும் செடியே அங்கு ஏற்ற செடி எனப்பட்டது. அமெரிக்காவின் அர்னால்டு மரப்பூங்காவைச் சேர்ந்த ஆல்பிரெட் ரேடர் 1927இல் இதனை மண்டலங்களாக வரைந்து காட்டினார். 1960இல் அமெரிக்க வேளாண் துறை தன் வரைபடத்தை வெளியிட்டது. ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியைப் பத்துப் பாரன்ஹீட் பாகைக்கு ஒரு படியாகப் பகுக்கும் அவ்வரைபடம் 1990, 2012, 2023 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பெற்று, இன்று 13 மண்டலங்களைக் கொண்டுள்ளது.

இந்த அளவுகோலை ஆத்தூருக்குப் பொருத்தினால் கிடைக்கும் பயன் குறைவு. இங்கு உறைபனி இல்லை. ஆத்தூர்ச் சமவெளியும் ஏற்காடும் அவ்வரைபடத்தின் கடைசி ஓரிரு படிகளுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆயினும் ஒன்றில் காப்பியும் மிளகும், மற்றொன்றில் மரவள்ளியும் பருத்தியும் பாக்கும் விளைகின்றன. குளிரின் அளவால் அண்மையில் நிற்கும் இரு நிலங்கள் பயிரால் இத்துணை வேறுபடுவதன் காரணத்தை வரலாற்று வழியில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆய்வுக்களம்

ஆத்தூர் சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் வசிட்ட நதிக்கரையில் அமைந்துள்ளது. வடக்கே கல்வராயன் மலையும், தெற்கே பச்சைமலையும் நிற்க, இடையிலுள்ள வாயில் வழியாகச் சேலத்திலிருந்து கடலூர் செல்லும் சாலை செல்கிறது. வசிட்ட நதியும் சுவேத நதியும் வெள்ளாற்றோடு சேர்பவை. இரண்டுமே மழைக்காலத்தில் மட்டும் பெருகுபவை. எனவே ஆற்றை அடுத்த நிலங்களிலும் கிணற்றுப் பாசனமே வேளாண்மையின் அடிப்படையாக இருந்து வந்துள்ளது. செம்மண்ணே இங்குப் பெரும்பான்மை.

கட்டி முதலிகளோடு தொடர்புபடுத்தப்படும் ஆத்தூர்க் கோட்டை, 18ஆம் நூற்றாண்டில் மைசூர் ஆட்சிக்கும் கிழக்கிந்தியக் குழுமத்திற்கும் இடையே கைமாறியது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் குழுமத்தின் ஆட்சிக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடு இப்பகுதியின் முதல் ஆட்சியரானார். அவருக்கு உதவியாளராகப் பணியாற்றியவர்களுள் தாமசு மன்றோவும் ஒருவர். வருவாயைப் பெருக்கும் நோக்கம் கொண்ட அவ்வாட்சியே அயற்பயிர்களைத் திட்டமிட்டு நட்டுப் பார்க்கும் முயற்சிகளுக்கும் வழிவகுத்தது.

ஆத்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 220 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை செல்சியசு பாகை குறையும். இக்கணக்கின்படி இவ்விரு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ எட்டுப் பாகை வேறுபாடு அமைகிறது. மலையில் மழையும் மிகுதி. வரைபடத்தில் அருகருகே காணப்படும் இவ்விரு நிலங்களும் செடியின் நோக்கில் இரு வேறு நாடுகளாகும்.

3. நிலமும் பொழுதும்: பழந்தமிழ்ப் பகுப்பு

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனவும், மரம், பூ, விலங்கு, உணவு முதலியவற்றைக் கருப்பொருள் எனவும் வகுக்கிறது. மாயோன், சேயோன், வேந்தன், வருணன் ஆகியோருக்குரியனவாக நான்கு நிலங்களைச் சுட்டும் அந்நூல் பாலைக்குத் தனி நிலம் கூறவில்லை. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்னும் கருத்தைச் சிலப்பதிகாரம் தருகிறது.

இப்பகுப்பு அகப்பாடலின் இலக்கணத்திற்காக எழுந்தது. அதனைப் பயிர்த்தேர்வுக் கையேடாகக் கொள்வது பொருந்தாது. ஆனால் அதன் அமைப்பில் இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, நிலமும் பொழுதும் பிரிக்கப்படாமல் இணைத்து வைக்கப்பட்டுள்ளன. இன்ன நிலத்தில் இன்ன பெரும்பொழுது என்னும் சேர்க்கையே கருப்பொருளுக்கு இடம் தருகிறது. இரண்டாவது, பாலை என்பது நிலையான மண்டலமாகக் கருதப்படாமல், நீர் வற்றும்போது ஒரு நிலம் அடையும் நிலையாகக் கருதப்பட்டது. ஒரே நிலம் ஒரு காலத்தில் முல்லையாகவும் மற்றொரு காலத்தில் பாலையாகவும் இருக்கக்கூடும் என்னும் இக்கருத்து ஆண்டுதோறும் வேனிலில் வற்றும் ஆற்றங்கரை நிலங்களுக்கு மிகவும் பொருந்துகிறது.

உழவர் வழக்கிலும் இவ்விணைப்பைக் காணலாம். ஆடிப்பட்டம், புரட்டாசிப் பட்டம், தைப்பட்டம் என்று பட்டத்தைச் சொல்லியே விதைப்பு பேசப்படுகிறது. எந்தப் பயிர் என்னும் வினாவோடு எந்தப் பட்டம் என்னும் வினாவும் உடன் வருகிறது. ஐரோப்பிய அறிவியலில் அலெக்சாண்டர் வான் அம்போல்ட்டு 1807இல் சிம்பொராசோ மலையின் செடிகளை உயரத்திற்கேற்ப அடுக்கிக் காட்டியதும், 1817இல் சமவெப்பக் கோடுகளை வரைந்ததும் நிலத்தையும் வெப்பத்தையும் இணைத்தன. சேலம் மாவட்டத்தில் அடுத்து நிகழ்ந்த முயற்சிகள், உயரம், பருவம் என்னும் இவ்விரு கூறுகளும் தனித்தனியே சோதிக்கப்பட்ட களங்களாயின.

4. உயரத்தின் சோதனை: சேர்வராயன் மலை

1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியையும், ஆப்பிள், பேரி, லோக்குவாட் முதலிய பழமரங்களையும் அறிமுகம் செய்தார். ஏற்காட்டின் தோட்டத் தொழில் வரலாறு இவரிடமிருந்தே தொடங்குகிறது.

இவற்றுள் காப்பி வேரூன்றியது. அராபிக்கா காப்பியின் தாயகம் எத்தியோப்பிய மேட்டுநிலமாகும். மிதமான வெப்பம், உறைபனி இன்மை, ஆண்டில் ஒரு வறண்ட இடைவெளி, அதன்பின் வரும் மழையில் பூத்தல் என்பன அதன் தேவைகள். சேர்வராயன் மலையில் இவை அனைத்தும் உண்டு. மாசி, பங்குனி மாதங்களின் வறட்சியையடுத்துக் கோடை மழை பெய்தவுடன் காப்பி பூக்கிறது. இங்குத் தாயகத்தின் நிலமும் பொழுதும் ஒருங்கே கிடைத்தன.

ஆப்பிளின் நிலை வேறு. ஆப்பிள் மரத்தின் மொட்டு உறக்கம் கலைய நீண்ட குளிர்க்காலம் வேண்டும். ஏற்காட்டில் அத்தகைய குளிர் இல்லாமையால் அது வணிகப் பயிராக நிலைபெறவில்லை. குறைந்த குளிரில் காய்க்கும் பேரி இன்றும் மலையில் எஞ்சியுள்ளது. குளிர் தாங்கு வரைபடம் குளிரின் மிகுதியால் செடி மடியுமா என்று வினவுகிறது. சேர்வராயன் மலையிலோ குளிரின் குறைவே ஆப்பிளுக்குத் தடையாக அமைந்தது. ஒரு செடி பிழைப்பது வேறு, பயன் தருவது வேறு என்பதை இது காட்டுகிறது.

காப்பியின் வெற்றியும் இடையூறின்றி நீடிக்கவில்லை. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் தென்னிந்தியத் தோட்டங்களையும் தாக்கியது. காப்பிக்கு ஏற்ற ஈரமும் நிழலும் அந்நோய்க் காளானுக்கும் ஏற்றனவாக இருந்தன. பின்னர் ஆத்திரேலியாவிலிருந்து வந்த வெள்ளி ஓக் மரம் நிழல் மரமாகப் பரவி, மிளகுக் கொடிக்கும் தாங்கலாயிற்று. எத்தியோப்பியக் காப்பியும் ஆத்திரேலிய மரமும் மேற்கு மலைத்தொடரின் மிளகும் ஒரே தோட்டத்தில் அமைந்த இக்கூட்டு, உயரம் ஒன்றே பல கண்டத்துச் செடிகளை ஓரிடத்தில் சேர்க்க வல்லது என்பதற்குச் சான்றாகும்.

5. பருவத்தின் சோதனை: பருத்தி

சமவெளியில் நடந்த சோதனைகளுள் பருத்தியே முதன்மையானது. ஆங்கில ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி தேவைப்பட்டமையால் 1840களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் இந்தியாவுக்கு அழைத்து வரப்பட்டனர். கோயம்புத்தூரில் அமைந்த சோதனைப் பண்ணைகளின் பொறுப்பைத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1842இல் ஏற்றார். 1853இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. அமெரிக்கப் பருத்தி உள்ளூர்ப் பருத்தியின் இடத்தைப் பிடிக்கவில்லை.

இத்தோல்வியின் காரணத்தை வெப்பநிலையில் தேடினால் விடை கிடைக்காது. அமெரிக்கத் தென் மாநிலங்களின் கோடை வெப்பமும் கொங்கு நாட்டு வெப்பமும் பருத்திக்குப் போதுமானவையே. வேறுபாடு பருவத்தில் இருந்தது. அமெரிக்கப் பருத்தி வளரும் நீண்ட பகற்பொழுதும், பரவலாகப் பெய்யும் கோடை மழையும் இங்கு இல்லை. இங்கு வடகிழக்குப் பருவமழையே பெரிது. அது முடிந்தபின் மண் விரைவில் காய்கிறது. விதைக்கும் காலத்தை உள்ளூர்ப் பருவத்திற்கேற்ப மாற்ற வேண்டும் என்பதை வைட் உணர்ந்திருந்தார். ஆனால் விதை அப்பருவத்திற்குப் பழகியதாக இல்லை.

ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் நிகழ்ந்தது கருதத்தக்கது. 1904–05ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்திற்குக் கம்போடியாப் பருத்தி வந்தது. அதுவும் அமெரிக்கப் பருத்தியின் அதே தாவர இனத்தைச் சேர்ந்தது. ஆயினும் அது இந்தோசீனாவின் வெப்பமண்டலப் பகற்பொழுதிலும் பருவமழையிலும் பழகிய வழியாகும். கோயம்புத்தூர், சேலம் மாவட்டங்களின் செம்மண்ணில் கிணற்றுப் பாசனத்தில் அது விரைந்து பரவியது. பின்னாளில் எம்.சி.யு. என்னும் தலைப்பெழுத்தோடு வெளியான பருத்தி வகைகள், சென்னை, கம்போடியா, உகாண்டா என்னும் மூன்று பெயர்களைச் சுமப்பன. ஆத்தூர் இன்றும் பருத்தி ஏலம் நடைபெறும் ஊர்களுள் ஒன்றாக விளங்குவதன் பின்னணியில் இவ்வரலாறு உள்ளது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. தாவரத்தின் இனப்பெயர் மட்டும் அதன் பொருத்தத்தைச் சொல்லாது. அவ்வினம் எந்த நிலத்தின் வழியாக வந்தது என்பதும், எந்தப் பொழுதிற்குப் பழகியது என்பதும் இணைந்தே பொருத்தத்தை முடிவு செய்கின்றன.

6. நீரின் சோதனை: மரவள்ளியும் பாக்கும்

இன்று ஆத்தூர் வட்டாரத்தின் அடையாளமாக விளங்கும் மரவள்ளி தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. இவ்வட்டார வழக்கில் இது குச்சிக்கிழங்கு எனப்படும். போர்த்துக்கீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்த இதனைத் திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் ஊக்குவித்தார். அங்கு அது எளியோரின் உணவாயிற்று. சேலத்தில் அது ஆலைத்தொழிலின் மூலப்பொருளாயிற்று.

இம்மாற்றத்தின் திருப்புமுனை இரண்டாம் உலகப் போராகும். ஜவ்வரிசி அதுவரை தென்கிழக்காசியாவிலிருந்து இறக்குமதியானது. அங்கு அது சதுப்பு நிலத்தில் வளரும் சேகோப் பனையின் தண்டிலிருந்து எடுக்கப்பட்டது. பின்னர் மரவள்ளி மாவிலிருந்தும் செய்யப்பட்டது. போரால் இறக்குமதி நின்றது. 1943ஐ ஒட்டிச் சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் பட்டறிவு பெற்ற போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கினர். ஆத்தூரின் செம்மண்ணில் சேகோப் பனையை நட்டிருந்தால் அது ஒரு வேனிலையும் கடந்திருக்காது. பொருளை நிலைநிறுத்தி, அதனைத் தரும் செடியை நிலத்திற்கேற்ப மாற்றிக்கொண்டதே இத்தொழிலின் வெற்றியாகும்.

மரவள்ளியின் உடலமைப்பு இவ்வட்டாரத்திற்குப் பொருந்துவது. நீர் குறையும்போது அது இலைத்துளைகளை விரைந்து மூடுகிறது, இலைகளை உதிர்க்கிறது, மழை வந்ததும் மீண்டும் தழைக்கிறது. கிழங்கில் சேர்ந்த மாவு இடைக்காலத்தில் அதனைத் தாங்குகிறது. நீர் தேங்குவதை மட்டும் அது பொறுக்காது, கிழங்கு அழுகிவிடும். வடிகால் உள்ள செம்மண்ணும் நீண்ட வறண்ட பருவமும் கொண்ட நிலத்தில் இப்பண்புகள் பெரும்பயன் தருகின்றன. மேலும், ஜவ்வரிசியைக் காய வைக்க வெயில் வேண்டும். பயிருக்கு இடர் தரும் அதே வறண்ட வேனில், காய்களங்களுக்கு மூலதனமாயிற்று.

இத்தொழிலுக்கென 1981இல் சேகோசர்வ் எனப்படும் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் அமைந்தது. சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீட்டைப் பெற்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் ஆத்தூரை அடுத்த ஏத்தாப்பூரில் செயல்படுகிறது. மானாவாரிக்கு ஏற்ற இரு பயிர்களை அந்நிலையம் ஒருங்கே ஆராய்வது, வட்டாரத்தின் நீர்நிலையைத் தெளிவாக உணர்த்துகிறது.

இதற்கு எதிர்முனையில் பாக்கு நிற்கிறது. ஆத்தூர், பெத்தநாயக்கன்பாளையம், வாழப்பாடிப் பகுதிகளில் பாக்குத்தோப்புகள் உள்ளன. பாக்கு ஈர நிலத்து மரம். இங்கு அது வாழ்வது கிணற்று நீரால் மட்டுமே. மரவள்ளி ஓராண்டுப் பயிர். நீர் குறைந்த ஆண்டில் உழவர் பரப்பைக் குறைத்துக்கொள்ளலாம். பாக்கு நட்டவர் பல ஆண்டுகள் காத்திருந்து, பின்னும் பல ஆண்டுகள் தடையின்றி நீர் பாய்ச்ச வேண்டும். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய ஆண்டில் கிணறு வற்றினால், தோப்பு இழப்பது ஓராண்டு விளைச்சலை அன்று. ஒரு தலைமுறையின் முதலீட்டை. குளிர் தாங்கு மண்டலம் இவ்விரு பயிர்களையும் ஆத்தூருக்கு ஏற்றவை என்றே காட்டும். அவற்றிடையேயுள்ள இடர் வேறுபாட்டை நீர்க்கணக்கு மட்டுமே காட்டும்.

7. மிகையான பொருத்தம்

பொருந்தாத செடி மடிந்துவிடும். மிகப் பொருந்திய செடி பரவிவிடும். வறண்ட நிலத்தில் விறகுக்காகச் சீமைக்கருவேல் 1877ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் நடப்பட்டது. தேர்வு தவறாகவில்லை. வறட்சியைத் தாங்க வேண்டும் என்ற ஒரே அளவுகோலில் அது முழுமையாகத் தேறியது. அத்தேர்ச்சியே ஏரிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் அது சூழக் காரணமாயிற்று. மலைச்சரிவுகளில் அழகுச் செடியாக வந்த உண்ணிச்செடியும் அவ்வாறே பரவியது. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் குறித்த கொள்கையை வெளியிட வேண்டிய நிலை ஏற்பட்டது.

பயிரோடு வரும் பூச்சிக்கும் இவ்விதி பொருந்தும். தென்னமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் மாவட்ட வயல்களையும் தாக்கியது. மரவள்ளிக்கு ஏற்ற வறண்ட வெப்பம் அப்பூச்சிக்கும் ஏற்றதாக இருந்தது. அதன் இயற்கை எதிரியான ஒட்டுண்ணிக் குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டு, 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. பயிர், பூச்சி, குளவி ஆகிய மூன்றும் தென்னமெரிக்கத் தாயகம் கொண்டவை. மூன்றும் ஒரே தட்பவெப்பத்திற்குப் பொருந்தியமையாலேயே ஆத்தூர் வயலில் மீண்டும் சந்தித்தன. செடியைப் பெயர்த்து நடுவோர் அதன் சூழலின் ஒரு பகுதியையும் காலந்தாழ்த்தியேனும் பெறுகின்றனர் என்பது இதன் பொருள்.

8. இன்றைய மண்டலப் பகுப்பு

1979இல் தொடங்கிய தேசிய வேளாண் ஆராய்ச்சித் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாடு ஏழு வேளாண் தட்பவெப்ப மண்டலங்களாகப் பகுக்கப்பட்டது. வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரிப் படுகை, தெற்கு, மிகுமழை, மலை என்பன அவை. மழை, மண், பாசனம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டமையால் இப்பகுப்பு குளிர் தாங்கு வரைபடத்தைவிட இந்நிலத்திற்கு மிகவும் ஏற்றது. இதன்படி ஆத்தூர் வடமேற்கு மண்டலத்திலும், சேர்வராயன் மலை மலை மண்டலத்திலும் அடங்குகின்றன. காக்பர்ன் தோட்டங்களின் வரலாறு காட்டிய வேறுபாடு இங்கு முறையான பகுப்பாகியுள்ளது.

எனினும் வடமேற்கு மண்டலம் கிருட்டிணகிரி முதல் நாமக்கல் வரை விரிந்தது. அதனுள் வசிட்ட நதிக்கரைத் தோட்டமும், ஆற்றிலிருந்து விலகிய மேட்டுக்காடும் ஒரே பெயரில் அமைகின்றன. அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997இல் 30 செல்சியசு பாகையைக் கடக்கும் நாள்களைக் கணக்கிட்டு வெப்ப மண்டல வரைபடம் ஒன்றை உருவாக்கியது, குளிர் மட்டும் போதாது என்னும் உணர்வின் வெளிப்பாடாகும். ஆத்தூரைப் பொறுத்தவரை வெப்ப நாள்களோடு, கிணற்றில் நீர் நிற்கும் மாதங்களின் எண்ணிக்கையையும் சேர்த்தாலன்றிப் பகுப்பு முழுமை பெறாது.

9. முடிவுரை

ஆத்தூர்ச் சமவெளி, சேர்வராயன் மலை ஆகியவற்றின் பயிர் வரலாற்றிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

குளிரின் கடுமையை அளவுகோலாகக் கொண்ட மண்டலப் பகுப்பு இவ்வட்டாரத்தின் பயிர் வேறுபாட்டை விளக்கவில்லை. மலையில் ஆப்பிளின் நிலைபேற்றைத் தடுத்தது குளிரின் போதாமையே.

காப்பியின் வெற்றி உயரத்தின் பொருத்தத்தையும், அமெரிக்கப் பருத்தியின் தோல்வியும் கம்போடியாப் பருத்தியின் பரவலும் பருவத்தின் பொருத்தத்தையும், மரவள்ளி, பாக்கு ஆகியவற்றின் ஒப்பீடு நீர்க்கணக்கின் முதன்மையையும் காட்டுகின்றன.

சீமைக்கருவேலும் மாவுப்பூச்சியும், பொருத்தம் என்பது தேர்வின் முடிவன்று, பின்விளைவுகளின் தொடக்கமும் ஆகும் என்பதை உணர்த்துகின்றன.

நிலத்தைப் பொழுதோடு இணைத்தும், பாலையை நிலத்தின் ஒரு நிலையாகக் கொண்டும் காணும் தமிழ் மரபு, மழை பிறழும் இக்காலத்தில் மண்டலங்களை நிலையான எல்லைகளாகக் கொள்ளாமல் ஆண்டுதோறும் மாறும் நிலைகளாகக் காண வழிகாட்டுகிறது. வட்ட அளவில் கிணற்று நீர்மட்டத்தையும் பட்டத்தையும் இணைத்துப் பயிர்ப் பகுப்பை உருவாக்குவதும், அதற்கு உழவர் வழக்காறுகளைத் தொகுப்பதும் அடுத்த கட்ட ஆய்வுக்குரியன.